ரேடார் பயிற்சிக்குப் போகுமுன் ஒரு கணக்கு

கேள்வி: ஈ.சி.இ. முடித்துவிட்டு நான்கு ஆண்டுகளாக ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மைக்ரோவேவ் பெருக்கிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். இப்போது எஸ் பேண்ட் (2 முதல் 4 கிகாஹெர்ட்ஸ்) ரேடாருக்கான டி.ஆர். மாட்யூல்கள், அதாவது அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் சிறு பெட்டிகள், எங்கள் பிரிவுக்கு வரப்போகின்றன. ரேடார் அடிப்படைகள் பற்றிய ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்ப நிர்வாகம் தயாராக இருக்கிறது. இரண்டு இடங்களின் பாடத்திட்டம் கையில் இருக்கிறது. படித்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரிகிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? கணக்கில் நான் சுமார்தான். போகுமுன் என்ன படிக்க வேண்டும்? வீட்டில் செய்து பார்க்க வழி உண்டா? சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறதா?
— வாசகி, காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்:

தலைப்புகளை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரேடார் சமன்பாடு, ஆன்டெனா, டாப்ளர், பல்ஸ் கம்ப்ரெஷன், கண்டறிதல், டிராக்கிங், எலெக்ட்ரானிக் ஸ்கேனிங் என்று எங்கே நடத்தினாலும் இதே வரிசைதான். பயிற்சி நடத்துபவரைத் தொலைபேசியில் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல் நாள் எடுத்துக்கொள்ளும் ஒரே ரேடாரின் எண்களை ஐந்தாம் நாள் வரை கொண்டுபோகிறீர்களா?" ஆம் என்றால், அந்தக் கணக்குத்தாளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புகிறவரிடம் சேருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ரேடாரில் எந்த எண்ணும் தனியாக நிற்பதில்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். தலைப்புவாரியாகத் தனித்தனியே கற்றவர்களுக்கு ஒவ்வொரு சூத்திரமும் தெரியும். ஆனால் பல்ஸ் நீளத்தை இரட்டிப்பாக்கினால் எதெது கெடும் என்று கேட்டால் திணறுவார்கள். ஆகவே பயிற்சிக்குப் போகுமுன் நீங்களே ஒரு ரேடாரைத் தாளில் போட்டுப் பாருங்கள். எஸ் பேண்ட் என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே செய்வோம்.

அலைவரிசை 3 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 10 செ.மீ. உச்சத் திறன் 20 கிலோவாட். கற்றையின் அகலம் கிடைமட்டத்தில் 1.5 பாகை, செங்குத்தில் 7 பாகை. இதற்குச் சுமார் 4.7 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் உள்ள ஆன்டெனா வேண்டும், கெயின் (திறனை ஒரே திசையில் குவிக்கும் அளவு) ஏறக்குறைய 34 டெசிபல் வரும். இலக்கு 1 சதுர மீட்டர் எதிரொலிப் பரப்புள்ள சிறிய விமானம், 100 கி.மீ. தொலைவில்.

எல்லாவற்றையும் டெசிபலில் எழுதினால் கணக்கு வெறும் கூட்டல் கழித்தல்தான். 20 கிலோவாட் என்பது 73 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). ஆன்டெனா போகும்போதும் வரும்போதும் உதவுவதால் 34 இரண்டு முறை, 68. அலைநீளத்தின் வர்க்கம் மைனஸ் 20. இலக்குப் பரப்பு 0. 4π என்பதன் மும்மடிக்கு மைனஸ் 33. தொலைவு நான்காம் அடுக்கில் வருவதால் மைனஸ் 200. மொத்தம் மைனஸ் 112 டிபிஎம். கேபிள், சுழல் இணைப்பு, மழை, வடிகட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து 6 டெசிபல் இழப்பு என்று வைத்தால் மைனஸ் 118.

இனி இரைச்சல். அறை வெப்பத்தில் ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டிபிஎம். ரிசீவர் பேண்ட்விட்த் 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் மைனஸ் 114. ரிசீவர் தானே கூட்டும் இரைச்சலான நாய்ஸ் ஃபிகர் 3 டெசிபல் சேர்த்தால் மைனஸ் 111. ஆக, திரும்பி வரும் எதிரொலி இரைச்சலுக்கு 7 டெசிபல் கீழே புதைந்து கிடக்கிறது. பல வகுப்புகள் ரேடார் சமன்பாட்டை இந்த இடத்தில் முடித்துவிடுகின்றன. உண்மையில் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பல்ஸ் நீளம் 50 மைக்ரோ விநாடி. அதற்குள் அலைவரிசையை 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு வழுக்க விட்டால், திரும்பி வந்த நீண்ட பல்ஸைச் சுருக்கும் பல்ஸ் கம்ப்ரெஷனில் 50 மடங்கு, அதாவது 17 டெசிபல் கிடைக்கும். ஆன்டெனா நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றினால் 1.5 பாகையைக் கடக்க 16 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். விநாடிக்கு 1,000 பல்ஸ் என்றால் ஓர் இலக்கின் மேல் 16 பல்ஸ் விழும். அவற்றை ஃபேஸ் (அலைச் சுழற்சியின் நிலை) ஒத்துக் கூட்டினால் 12 டெசிபல். மைனஸ் 7 இப்போது பிளஸ் 22 ஆகிவிட்டது.

போதுமா? மாறாத இலக்கு என்றால் 90 சதவீதக் கண்டறிதலுக்கும் பத்து லட்சத்தில் ஒரு பொய் எச்சரிக்கைக்கும் 13 டெசிபல் போதும், 9 டெசிபல் மிச்சம் என்று மகிழலாம். நிஜ விமானம் அப்படி இல்லை. அது சற்றே திரும்பினாலும் எதிரொலி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால் அதே 90 சதவீதத்துக்கு 21 டெசிபல் தேவை. மிச்சம் 1 டெசிபல்தான்.

இந்தக் கணக்கில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. 50 மைக்ரோ விநாடிப் பல்ஸுக்குப் பொருத்தமான பேண்ட்விட்த் 20 கிலோஹெர்ட்ஸ் என்று எடுத்து இரைச்சலைக் குறைத்துக்கொள்வார்கள்; பிறகு பல்ஸ் கம்ப்ரெஷன் 17 டெசிபலையும் கூட்டுவார்கள். ஒரே லாபத்தை இரண்டு முறை எண்ணியாயிற்று. 100 கி.மீ. ரேடார் தாளில் 266 கி.மீ. ரேடாராகிவிடும். யாராவது நம்ப முடியாத தொலைவு காட்டினால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

இப்போது அந்த 50 மைக்ரோ விநாடியின் விலை. அனுப்பும் நேரத்தில் ரிசீவர் மூடியிருக்கும்; ஆகவே முதல் 7.5 கி.மீ. குருடு. அதற்காகவே நீண்ட பல்ஸுக்கு இடையே 1 மைக்ரோ விநாடிக் குறும்பல்ஸ் ஒன்றையும் அனுப்பி, அருகிலுள்ளதை அதில் பார்க்கிறார்கள். விநாடிக்கு 1,000 பல்ஸ் என்பதற்கும் விலை உண்டு. 150 கி.மீ. வரை தொலைவில் குழப்பமில்லை. ஆனால் ரேடாரை நோக்கி மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரே ஃபேஸில் திரும்புவதால், அசையாத மலையோடு சேர்த்து வடிகட்டி அதையும் துடைத்துவிடும். 360, 540 கி.மீ. வேகங்களிலும் இதே கதிதான். இதைத் தவிர்க்க 16 பல்ஸை எட்டு எட்டாகப் பிரித்து, இரு தொகுப்புக்கும் வேறு வேறு பல்ஸ் விகிதம் கொடுப்பார்கள். கொடுத்தவுடன் கூட்டலில் 3 டெசிபல் போகும். 22 என்பது 19 ஆகும். ஒரு தொகுப்பில் கண்டறியும் வாய்ப்பு 0.92 என்பதிலிருந்து 0.84 ஆக இறங்கும். நல்ல பயிற்றுநர் உங்களை இந்த இடத்தில் நிறுத்தி, "இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்பார். ஆன்டெனாவை மெதுவாகச் சுற்றலாம், திறனைக் கூட்டலாம், பெரிய ஆன்டெனா கேட்கலாம். ஒவ்வொன்றும் வேறு எதையோ கெடுக்கும். அந்த விவாதத்துக்காகவே ஐந்து நாள் ஒதுக்கலாம்.

பத்து லட்சத்தில் ஒன்று என்ற பொய் எச்சரிக்கை விகிதம் மிகச் சிறியதாகத் தோன்றும். எண்ணிப் பாருங்கள்: 100 கி.மீ. தொலைவில் 150 மீட்டர்க் கட்டங்கள் 667, சுற்றிலும் 240 திசைகள், ஒவ்வொன்றிலும் 16 டாப்ளர் (வேக) கட்டங்கள். ஒரு சுற்றில் 25 லட்சத்துக்கு மேல் கட்டங்கள். நான்கு விநாடிக்கு ஒருமுறை திரையில் இரண்டு மூன்று இல்லாத விமானங்கள் தோன்றும். அவற்றை டிராக்கர் களைய வேண்டும். இதுவும் இரைச்சல் ஒன்றுதான் எதிரி என்றால். கடலும் நிலமும் மழையும் சேர்ந்தால் நிலையான வாசல் அளவு (இதைத் தாண்டினால் இலக்கு என்று கொள்ளும் எல்லை) உதவாது. பக்கத்துக் கட்டங்களின் சராசரியை எடுத்து வாசலை ஏற்றி இறக்கும் சீஃபார் முறைக்குப் போக வேண்டும். அதுவும் தவறும். இரண்டு விமானங்கள் அடுத்தடுத்துப் பறந்தால் ஒன்றின் எதிரொலி மற்றதன் சராசரிக்குள் புகுந்து வாசலை உயர்த்திவிடும்; இரண்டில் சிறியது காணாமல் போகும். சென்னைக் கடற்கரை மாதிரி நிலமும் நீரும் சந்திக்கும் விளிம்பில் சராசரி பாதி நிலம் பாதி கடலாக இருப்பதால், நிலத்துப் பக்கம் பொய் எச்சரிக்கைகள் கொட்டும். சீஃபாருக்கு ஒரு ஸ்லைடு மட்டும் வைத்திருக்கும் பயிற்சியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆக, பாடத்திட்டத்தில் என்ன பார்ப்பது? முதல் நாள் முழுக்க ரேடார் வரலாறும், ரேடார் வகைகளின் புகைப்படங்களும் என்றால் வேண்டாம். ஆய்வக நேரம் இருக்கிறதா, அதில் மாணவர்கள் கையில் ரிசீவரிலிருந்து நேராக வரும் மூல ஐ-க்யூ தரவு தரப்படுகிறதா, அல்லது பயிற்றுநர் திரையில் காட்டுவதை வேடிக்கை பார்ப்பதுதானா என்று கேளுங்கள். 30 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமாவது நீங்கள் கணினியில் தரவைப் புரட்ட வேண்டும். வகுப்பில் 40 பேருக்கு ஒரு பயிற்றுநர் என்றால் அது நடக்காது. உங்கள் வேலைக்கு டி.ஆர். மாட்யூல், அணிவரிசை ஆன்டெனாவின் கேலிபரேஷன் இரண்டுக்கும் சேர்த்து அரை நாளாவது வேண்டும்.

கணக்கு பற்றிக் கவலை வேண்டாம். டெசிபல் மனக்கணக்காக வர வேண்டும்: இரண்டு மடங்கு 3, மூன்று மடங்கு 4.8, ஐந்து மடங்கு 7, பத்து மடங்கு 10. கலப்பெண்ணை ஒரு சுழலும் அம்பாகப் பார்க்கப் பழகுங்கள். ஐ-க்யூ என்பது அந்த அம்பின் இரு நிழல்கள். எஃப்.எஃப்.டி. (சிக்னலை அலைவரிசைகளாகப் பிரிக்கும் கணக்கு) எதைத் தருகிறது, அதன் கட்ட அகலம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் போதும், நிரூபணம் தேவையில்லை. நிகழ்தகவில் இரைச்சலின் பரவல் எப்படி இருக்கும், வாசலை 1 டெசிபல் ஏற்றினால் பொய் எச்சரிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை ஒருமுறை கணினியில் வரைந்து பாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் வீதம் மூன்று வாரம் ஒதுக்கினால் இவ்வளவும் முடியும்.

வீட்டில் செய்து பார்க்க ரேடார் பலகை வாங்க வேண்டியதில்லை. லேப்டாப்பின் ஸ்பீக்கரும் மைக்கும் போதும், ஒலியை வைத்தே பல்ஸ் கம்ப்ரெஷன் முழுவதையும் செய்யலாம். பைத்தானிலோ ஆக்டேவிலோ 48,000 சாம்பிள் விகிதத்தில், 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும் 10 மில்லி விநாடிச் சிர்ப் ஒன்றை எழுதுங்கள். 50 மில்லி விநாடிக்கு ஒன்றாக ஒலிக்கவிட்டு, அதே நேரத்தில் பதிவு செய்யுங்கள். பதிவை அனுப்பிய சிர்ப்போடு கோரிலேட் செய்தால், அதாவது நகர்த்தி நகர்த்தி ஒப்பிட்டால், கூரிய முனைகள் எழும். நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 349 மீட்டர் ஓடும். வெறும் 10 மில்லி விநாடிப் பல்ஸாக இருந்தால் 1.7 மீட்டர் இடைவெளியுள்ள பொருள்களைத்தான் பிரிக்க முடியும். கம்ப்ரெஷனுக்குப் பிறகு 4.4 செ.மீ. இரண்டு மீட்டரில் ஓர் அட்டைப் பலகையும், அதற்கு 20 செ.மீ. பின்னால் சற்றுத் தள்ளி இன்னொன்றும் நிறுத்தினால் இரண்டு முனைகள் தனித்தனியே தெரியும்.

முதல் முயற்சியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் காரணம் லேப்டாப்பின் ஒலி அமைப்பு: எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, தானியங்கி கெயின் மூன்றும் நமக்கு வேண்டிய எதிரொலியையே அழித்துவிடும். மூன்றையும் அணையுங்கள். ஒலிக்கத் தொடங்கும் தாமதம் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால், ஸ்பீக்கரிலிருந்து நேராக மைக்குக்கு வரும் முதல் முனையைப் பூஜ்யமாக வைத்துத் தொலைவை அளவிடுங்கள். அந்த நேர்முனையின் இருபுறமும் 13 டெசிபல் கீழே சைடுலோப்கள் (பக்க முனைகள்) இருக்கும். பக்கத்திலுள்ள பலவீன எதிரொலியை அவை விழுங்கும். கோரிலேட் செய்யும் பிரதியின் மேல், ஓரங்களை மெல்லக் குறைக்கும் ஹேமிங் எடையைப் போட்டுப் பாருங்கள்: சைடுலோப் இறங்கும், முனை ஒன்றரை மடங்கு தடிக்கும். வகுப்பில் சொல்லும் பரிமாற்றத்தை நீங்களே பார்த்ததாகிவிடும்.

அடுத்து, ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மைக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். டாப்ளர் 17 ஹெர்ட்ஸ் வர வேண்டும். உங்கள் பல்ஸ் விகிதமோ 20 ஹெர்ட்ஸ். பிளஸ் மைனஸ் 10 வரைதான் குழப்பமின்றிக் காட்டும். 17 மடிந்து மைனஸ் 3 ஆகும், நெருங்கி வரும் அட்டை மெல்ல விலகுவதாகத் திரை சொல்லும். எட்டுப் பல்ஸுக்குள் அட்டை பல தொலைவுக் கட்டங்களைத் தாண்டிவிடுவதால் புள்ளி இழுபட்டும் தெரியும். இதே மடிப்பை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை டாப்ளர் வானிலை ரேடாரின் வேகப் படங்களில் தேடுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் தளத்தில் வெளியிடுகிறது. புயல் நெருங்கும் நாளில் ஒரு நிறத்தின் உச்சத்தை ஒட்டி எதிர் நிறம் திடீரென்று வந்தால், காற்று அங்கே திசை மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. வேகம் ரேடார் குழப்பமின்றிக் காட்டும் எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

ஒலியில் கை பழகிய பிறகு நிஜ அலை வேண்டுமென்றால், எம்.ஐ.டி. 2011-இல் வெளியிட்ட பாடத்தைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில், இரண்டு காபி டின்களை ஆன்டெனாவாக வைத்து, லேப்டாப்பின் ஒலி உள்ளீட்டில் தரவெடுக்கும் சிறு ரேடார். உதிரிப்பாகப் பட்டியலும் செய்முறையும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இனி உங்கள் மேசைக்கு வரும் டி.ஆர். மாட்யூல். நம் 20 கிலோவாட்டை 400 மாட்யூல்கள் ஆளுக்கு 50 வாட்டாகத் தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 40 செத்துப்போனால் திறன் 10 சதவீதம் குறையும். அனுப்பும் கெயினும் வாங்கும் கெயினும் தலா 10 சதவீதம் குறையும். மூன்றும் சேர்ந்து 1.4 டெசிபல். நம் தாளில் மிச்சமிருந்தது 1 டெசிபல்! சர்குலேட்டரிலோ லிமிட்டரிலோ அரை டெசிபல் கூடுதல் இழப்பு இருந்தால், அது குறைந்த இரைச்சல் பெருக்கிக்கு முன்னால் இருப்பதால், நாய்ஸ் ஃபிகரில் அப்படியே ஏறும். நீங்கள் தினமும் குறித்துவைக்கும் எண்கள் எங்கே போய் விழுகின்றன என்பது இந்தத் தாளில் தெரியும்.

கற்றையைத் திருப்ப ஒவ்வொரு மாட்யூலின் ஃபேஸையும் மாற்றும் 6 பிட் ஃபேஸ் ஷிப்டரின் ஒரு படி 5.625 பாகை, அருகிலுள்ள படிக்கு முழுமையாக்குவதால் வரும் பிழை (ஆர்.எம்.எஸ்.) 1.6 பாகை. மற்ற எல்லாப் பிழைகளும் சேர்ந்து 6 பாகை என்றால், 400 மாட்யூல் அணியில் ஆன்டெனாவின் சைடுலோப்களின் (பக்கக் கற்றைகளின்) சராசரி மைனஸ் 46 டெசிபலுக்குக் கீழே போகாது. 12 பாகையானால் இன்னும் 6 டெசிபல் மேலே ஏறும்.

ஆனால் பெருக்கி சோதித்துப் பழகியவர்கள் கவனிக்காமல் விடுவது இன்னொன்று, அதுதான் அதிகச் சேதம் செய்யும். 50 மைக்ரோ விநாடிக்குள் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் சூடேறி கெயினும் ஃபேஸும் சரியும். எல்லாப் பல்ஸிலும் ஒரே மாதிரி சரிந்தால் கேலிபரேஷனில் சரிசெய்யலாம். பல்ஸுக்குப் பல்ஸ் மாறினால் முடியாது. 1 பாகை மாற்றம் எல்லா மாட்யூலிலும் ஒன்றாக வந்தால், கிளட்டரை (நிலம், கடல், மழையின் வேண்டாத எதிரொலியை) 35 டெசிபலுக்கு மேல் அடக்க வழியில்லை. 50 டெசிபல் வேண்டுமென்றால் 0.18 பாகைக்குள் நிற்க வேண்டும். சப்ளை மின்னழுத்தம் ஆடினால் நடப்பது இதுவே. நெட்வொர்க் அனலைசரில் ஆவரேஜிங் போட்டு அளந்தால் இந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும். ஒவ்வொரு பல்ஸையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். தொகுப்பின் முதல் இரண்டு மூன்று பல்ஸ்களைக் கூர்ந்து பாருங்கள், வெப்பம் நிலைக்குமுன் அவைதான் மற்றவற்றிலிருந்து விலகும். பயிற்றுநரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதை முதலில் வையுங்கள்.

கேட்கும் நேரத்தில் திருப்பதி அருகே காதங்கியில் உள்ள வளிமண்டல ரேடாரைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள். 53 மெகாஹெர்ட்ஸில் 1,024 யாகி ஆன்டெனாக்கள், 32-க்கு 32 வரிசையில். முதலில் 32 டிரான்ஸ்மிட்டர்களால் ஊட்டப்பட்ட அந்த அணியில் பிறகு ஆன்டெனாவுக்கு ஒரு டி.ஆர். மாட்யூல் வந்தது. ஒரே ரேடாரில் பழைய முறையும் புதிய முறையும் இருந்ததால், மாற்றியதில் என்ன கிடைத்தது என்று படிக்க நல்ல எடுத்துக்காட்டு.

சான்றிதழைப் பற்றி: ஐந்து நாள் சான்றிதழ் வேலைவாய்ப்பில் பெரிய எடை போடாது. பெங்களூரில் ரேடார் வடிவமைப்புப் பிரிவுக்கு நேர்முகத் தேர்வு நடத்துகிறவர்கள் தொலைவையும் வேகத்தையும் ஒருசேரக் குழப்பமின்றி அளக்க ஏன் முடியாது என்று கேட்பார்கள். தாள் எடுத்து எண்களோடு விளக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு. நிறுவனத்தின் பணம் கிடைக்காமல் போனாலும் தடை இல்லை. எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தின் ரேடார் அறிமுக விரிவுரைகளும் இணையப் பாடத் தளமான என்பிடெலில் உள்ள ரேடார் பாடங்களும் இலவசம். அவற்றில் கேள்வி கேட்க ஆள் இருக்காது என்பது ஒன்றே குறை.

போவது உறுதியானால் மேலாளரிடம் இப்போதே இரண்டு அனுமதி வாங்கிவிடுங்கள். திரும்பி வந்த வாரத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்கி, உங்கள் மாட்யூல் போகப்போகும் ரேடாரின் கணக்குத்தாளை, வாடிக்கையாளர் பகிர அனுமதிக்கும் எண்களை வைத்துக் குழுவோடு சேர்ந்து நிரப்ப வேண்டும். சோதனை நடைமுறையில் பல்ஸுக்குப் பல்ஸ் ஃபேஸ் அளவீட்டைச் சேர்க்கவும் கேளுங்கள். கூடவே காலியம் நைட்ரைடு மாட்யூலுக்கு மின்சாரம் கொடுக்கும் வரிசையையும் எழுதி ஒட்டுங்கள்: முதலில் டிரான்சிஸ்டரின் கேட் முனைக்கு மைனஸ் மின்னழுத்தம், அது நிலைத்ததைச் சரிபார்த்த பிறகே டிரெயின் முனைக்கு, அணைக்கும்போது முதலில் டிரெயின், கடைசியில் கேட். வரிசை மாறினால் மாட்யூல் எரிய ஒரு கணம் போதும்.